ஒலிநாடாவும் ஓரறை வீடும்: மும்பைத் தமிழரிடையே கையடக்க ஒலிக்கருவி

ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்குத் தமிழ் இலக்கியம் பெயர்ந்த வரலாறு விரிவாகவே எழுதப்பட்டுள்ளது. 1887ஆம் ஆண்டில் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்த செய்தி தமிழ் மாணவர் அனைவரும் அறிந்ததே. அச்சையடுத்து வந்த இசைத்தட்டு பற்றியும் சு. தியடோர் பாஸ்கரன், ஸ்டீபன் ஹியூஸ் முதலியோர் எழுதியுள்ளனர். இசைத்தட்டையடுத்துத் தமிழர் வீடுகளில் புகுந்து, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் நிலைபெற்று, பின் ஓசையின்றி மறைந்த ஒலிநாடா மட்டும் தமிழ்த்துறைகளின் கவனத்தை அந்த அளவிற்குப் பெறவில்லை. அச்சேறாத பாடல்களும் கதைப்பாடல்களும் சொற்பொழிவுகளும் பட்டிமன்றங்களும் அந்த நாடாவில்தான் தங்கியுள்ளன. ஆகவே அவற்றைத் தமிழ்ப் பனுவல்களாகக் கொள்வதில் தடையேதும் இருத்தற்கில்லை.

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளைக் களமாகக் கொண்டு, ஒலிநாடாவை இயக்கிய சிறுகருவி அங்கு வாழ்ந்த தமிழரின் மொழிவாழ்வில் பெற்ற இடத்தை இக்கட்டுரை நோக்குகிறது. அப்பழங்கருவியை இயங்கும் நிலையில் வைத்திருப்பதையும் மூலபாட ஆய்வின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும் என்பது இதன் கருத்தாகும்.

கருவியும் அதன் பெயரும்

இன்று கேசட் என வழங்கும் சிறு ஒலிநாடாப் பேழையை நெதர்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர்; அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். இசைத்தட்டை வாங்கியவர் கேட்க மட்டுமே முடியும். ஒலிநாடாவை வாங்கியவரோ கேட்கலாம், பதியலாம், அழிக்கலாம், மீண்டும் பதியலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் குரலைப் பொருளாக்கிப் பிறர் கையில் கொடுக்க இக்கருவியால் இயன்றது என்பது மொழி வரலாற்று நோக்கில் சிறு செய்தியன்று.

ஜப்பானின் சோனி நிறுவனம் 1979 ஜூலை 1 அன்று வாக்மேன் என்னும் கருவியை 33,000 யென் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது பதிவு செய்யாது, ஒலிபெருக்கியும் இல்லை, இரண்டு சிறு மின்கலங்களில் இயங்கிக் காதுக்கு மட்டுமே பாடும். அந்த முதற்கருவியில் இருவர் ஒருங்கே கேட்கும்படி இரண்டு காதணிக்கருவித் துளைகள் இருந்தன. கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவரோடொருவர் பேச விரும்பினால் இசையைத் தணிக்க ஒரு பொத்தானும் இருந்தது. தனியே கேட்பது பண்பற்ற செயலாகத் தோன்றுமோ என்று அஞ்சியே இவ்வாறு செய்ததாக அந்நிறுவனத் தலைவர் அகியோ மொரிட்டா தம் வாழ்க்கைக் குறிப்பில் கூறியுள்ளார். பின்வந்த கருவிகளில் இவ்வமைப்பு மெல்ல நீங்கியது.

தமிழில் வாக்மேன் என்பது ஒரு நிறுவனத்தின் பெயராக நில்லாமல் பொதுப்பெயராயிற்று. எவர் செய்ததாயினும் இடுப்பில் செருகத்தக்க கேசட் கருவி வாக்மேன்தான். வானொலியும் கேசட்டும் ஒருங்கமைந்த கைப்பிடிப் பெட்டி டூ-இன்-ஒன் எனப்பட்டது. 1970களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் திரும்புகையில் கொண்டுவந்த பொருள்களுள் இப்பெட்டி முதன்மையானது. அந்நாளில் வளைகுடாப் பயணத்திற்குப் பம்பாயே தலைவாயில். ஆகவே 1995இல் மும்பை எனப் பெயர்மாறிய அந்நகரத்தில் இக்கருவிகள் புழங்கியது இயல்பே.

வாக்மேன் பற்றிய அயல்நாட்டு ஆய்வுகள் அதைத் தனிமனிதனின் கருவியாகவே காண்கின்றன. சூஹெய் ஹொசொகாவா 1984இல் எழுதிய கட்டுரையும், பால் டு கே, ஸ்டூவர்ட் ஹால் முதலியோர் 1997இல் வெளியிட்ட நூலும் இவ்வகையில் முன்னோடிகள். கூட்டத்தினூடே தனக்கென ஓர் ஒலியுலகைச் சுமந்து நடக்கும் நகரவாசியே அவற்றின் தலைமகன். இந்திய நிலையை ஆராய்ந்த பீட்டர் மானுவெல் (1993) வேறொன்றைக் கண்டார். ஒரு பெருநிறுவனத்தின் ஏகபோகத்தில் இருந்த இசை வணிகத்தை ஒலிநாடா உடைத்து, வட்டார மொழிகளுக்கும் சிறு வகைமைகளுக்கும் இடமளித்தது என்பது அவர் முடிவு. அவர் ஆய்வு வட இந்தியாவோடு நின்றது. தமிழகச் சிற்றூரில் ஒலிநாடாவை ஒலிபெருக்கியில் இசைப்பதே ஒரு வழிபாட்டு நிகழ்த்துதலாக அமைவதைப் பால் கிரீன் 1999இல் விளக்கினார். வடநாட்டுப் பெருநகரில் வாழும் தமிழர் இவ்விரு ஆய்வுக்கும் இடையே விடுபட்டுப்போயினர்.

மூன்று பகுதிகள்

மாட்டுங்கா, பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தமைத்த குடியிருப்பு. அலுவலகப் பணிக்கு வந்த தென்னிந்தியர் அங்குக் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் அங்குத் தோன்றியது. அருகே சயான் பகுதியில் சண்முகானந்த சங்கீத சபையின் பேரரங்கு 1963இல் எழுந்தது. ஒலிநாடாப் பேழை உலகிற்கு அறிமுகமானதும் அதே ஆண்டில் என்பது தற்செயல்தான். செம்பூர், விடுதலைக்குப் பின் திராம்பே அணு ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றில் பணியாற்றியோராலும், மாட்டுங்காவில் இடம் கிடைக்காதோராலும் பெருகிய பகுதி. தாராவியின் வரலாறு இவ்விரண்டினும் வேறானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியினர் தோல் பதனிடும் தொழிலை நம்பி அங்குச் சென்றனர். ஆதிதிராவிடரும் இசுலாமியரும் கிறித்தவரும் அவருள் அடங்குவர்.

மூன்றையும் ஒருசேர மும்பைத் தமிழர் என்பது வசதிக்காக மட்டுமே. வருவாய், சாதி, கல்வி ஆகியவற்றால் அவை தம்முள் எட்டவே நின்றன. பொதுவாக அமைந்தது ஒன்றே: வீட்டு வாசலுக்கு வெளியே நகரம் வேறு மொழி பேசியது. மும்பை வானொலி நிலையத்தின் முதன்மை மொழிகளுள் தமிழ் இல்லை. மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தியபோதும் மேற்படிப்பில் அம்மொழிக்கு இடம் குறைவு. 1966இல் தோன்றிய சிவசேனை தன் தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியருக்கு எதிராகவே இயங்கியது. தமிழ்ப்படத்திற்கு மாட்டுங்காவின் அரோரா திரையரங்கு இருந்தது. ஆயினும் அது சீட்டு வாங்கிச் செல்லும் இடம். நாள்தோறும் வீட்டினுள் ஒலிக்கும் தமிழுக்கு வழி தேடியபோதுதான் கேசட் கருவி பொருளுடையதாயிற்று.

மராத்தியில் கோலி எனப்படும் ஓரறை வீட்டில் பல தலைமுறையினர் ஒருங்கே வாழ்வது தாராவியின் இயல்பு. அங்கு டூ-இன்-ஒன் ஒலித்தால் அது குடும்பத்தின் கேட்பு மட்டுமன்று. சந்தின் கேட்பும் ஆகும். வாக்மேன் அவ்வறையில் ஒருவர்க்குத் தனியிடம் தந்தது எனக் கொள்ள இடமுண்டு. ஆனால் காதணிக்கருவியின் ஒரு குமிழை ஒருவரும் மற்றொன்றை மற்றொருவரும் செருகிக் கேட்கும் வழக்கத்தை அறியாதார் இலர். மொரிட்டா அஞ்சிச் சேர்த்து, பின் அவர் நிறுவனமே நீக்கிய அந்த இரண்டாம் துளையின் பயனைக் கேட்போர் தாமே மீட்டுக்கொண்டனர். மும்பைப் புறநகர் மின்தொடர் வண்டியில் ஒரு பெட்டியில் பஜனைக் குழுவினர் தாளமிட்டுப் பாடுவர்; அதே பெட்டியில் கதவோரம் ஒருவர் வாக்மேனுடன் நிற்பார். ஹொசொகாவாவின் தனிமனிதன் அங்கு முழுத் தனிமையை எய்தியிருக்க வாய்ப்பில்லை.

தொகுத்தோரும் தொகுப்பித்தோரும்

விற்பனைக் கேசட் ஒருபுறமிருக்க, தமிழர் பெரிதும் போற்றியது பதிவுநிலையங்களில் பதிந்து வாங்கிய கேசட்டையே. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் இசைத்தட்டிலிருந்தோ மூலநாடாவிலிருந்தோ அவற்றை வெற்று நாடாவில் பதிந்து தருவார். சிக்ஸ்டி, நைன்ட்டி என்பன அந்நாடாக்களின் பெயர். முன்னது பக்கத்துக்கு 30 நிமிடம். பின்னது 45 நிமிடம். நைன்ட்டி நாடா மெல்லியதாதலின் எளிதில் சிக்கும். ஆதலால் அனுபவமுடையோர் சிக்ஸ்டியையே கேட்டு வாங்கினர். இளையராஜா அன்னக்கிளி வழியாக அறிமுகமான 1976ஐயடுத்த ஆண்டுகளே தமிழர் வீடுகளில் கேசட் பரவிய ஆண்டுகளும் ஆகும். இவ்விரண்டையும் பிரித்துப் பேசுதல் அரிது.

இவ்வாறு பதிந்து வாங்கிய கேசட்டை ஒரு தொகைநூலாகக் கருதுவது பொருத்தமுடையது. எட்டுத்தொகை நூல்களுள் சில அடியளவால் வரையறுக்கப்பட்டன. குறுந்தொகை 4 முதல் 8 அடி. நற்றிணை 9 முதல் 12. அகநானூறு 13 முதல் 31. பாடலின் பொருளோடு அதன் நீளமும் தொகுப்பைத் தீர்மானித்தது. கேசட்டிலும் அங்ஙனமே. ஒரு பாடல் நாலரை நிமிடமெனின் ஒரு பக்கத்தில் ஆறு பாடல் பதிந்தபின் மூன்று நிமிடம் எஞ்சும். அவ்விடத்தில் ஒரு சிறு பாடலைத் தேடிச் சேர்ப்பதா, பாதிப் பாடலைப் பதிந்து அறுந்துபோக விடுவதா, வெற்றிடமாக விடுவதா என்பது தொகுப்பாளர் முடிவு. பக்க இறுதியில் அறுந்த பாடலைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்க்கு முழுப்பாடலும் நீண்டுவிட்டதாகத் தோன்றும் அளவிற்கு அத்தொகுப்பு மனத்தில் பதிந்துவிடும்.

தொகைநூல்களின் அடிக்குறிப்புகள் தொகுத்தோனையும் தொகுப்பித்தோனையும் வேறுபடுத்துகின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பதிவுநிலையத்தார் தொகுத்தவர் எனின், தாளில் பாடல்களை எழுதிக் கொடுத்தவர் தொகுப்பித்தவர். பேழையுள் வைத்த அட்டையில் பெரும்பாலும் பின்னவர் பெயரே காணப்படும். நற்றிணைக்கும் தொகுப்பித்த பாண்டியன் மாறன்வழுதியின் பெயர்தான் எஞ்சியது. தொகுத்தவர் பெயர் கிடைத்திலது. இவ்வொப்புமையை மிகையாக நீட்டுதல் வேண்டா. எனினும் அட்டையில் மைப்பேனாவால் எழுதிய பாடல் வரிசையும் தேதியும் உடையவர் பெயரும் சுவடியின் முடிவுக்குறிப்புக்கு நிகரான சான்றுகள் என்பதில் ஐயமில்லை. நாடாவைப் படியெடுத்தபின் அட்டையை எறிந்துவிடுவோர் ஏட்டின் இறுதி இதழைக் கிழித்தெறிபவராவர்.

சட்ட நோக்கில் இப்பதிவுநிலையத் தொழில் முறையற்றது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது தண்டனை கடுமையாக்கப்பட்டது. அத்திருத்தம் சேர்த்த 52அ பிரிவு, பதிவு செய்தவரின் பெயர் முகவரி, உரிமையாளரின் பெயர் முகவரி, முதல் வெளியீட்டு ஆண்டு ஆகியவற்றைப் பேழையின்மேல் அச்சிட வேண்டுமென்றது. நூல்களுக்கு 1867ஆம் ஆண்டு அச்சுச் சட்டம் செய்ததை ஒலிப்பதிவுக்கு இப்பிரிவு செய்தது. ஆய்வாளர்க்கு அது உதவியே. 1984க்குப் பிந்தைய முறையான வெளியீடுகளைக் காலம் கணிப்பது எளிது. முறையற்ற பதிவுகளுக்கோ கையெழுத்து அட்டையைத் தவிர வேறு துணையில்லை.

நாடாவில் தங்கிய வகைமைகள்

திரைப்பாடலை ஒதுக்கிவிட்டு நோக்கினாலும் நாடாவில் தங்கிய தமிழ் பலவகைப்பட்டது. திருநெல்வேலி, குமரி மாவட்டங்களில் வில்லுப்பாட்டுக் கேசட்டுகள் விற்பனையாயின. கோயில் கொடையில் இரவு முழுதும் நீளும் சுடலைமாடன் கதை சில மணி நேரமாகச் சுருங்கிப் பேழைக்குள் அடங்கியது. எந்தப் பகுதி விடுபட்டது, எந்த இடத்தில் பக்கம் மாறும்படி கதை நிறுத்தப்பட்டது என்பவை கதைப்பாடல் ஆய்வாளர் நோக்கத்தக்க செய்திகள். அச்சிட்ட கதைப்பாடல் நூல்கள் சொல்லைக் காத்தன. மெட்டையும் குடத்தின் அடியையும் காக்க அவற்றால் இயலவில்லை. தென்மாவட்டக் கிறித்தவரிடையே எஸ்.ஜே. பெர்க்மான்ஸ் அடிகளாரின் செபத்தோட்ட செயகீதங்கள் தொகுதி தொகுதியாகக் கேசட்டில் வந்தது. இசுலாமியரிடையே நாகூர் இ.எம். ஹனீபாவின் பாடல்கள் பரவின. 2015இல் மறைந்த அவரது குரல் திராவிட இயக்க மேடைக்கும் உரியதாக இருந்தது. இம்மூன்று வகைமைக்கும் உரிய கேட்போர் தாராவியில் அடுத்தடுத்த சந்துகளில் வாழ்ந்தனர். சுவர் மெல்லியதாகவும் பெட்டி உரத்ததாகவும் இருக்குமிடத்தில் ஒருவர் சமயப் பாடல் மற்றவர்க்கும் மனப்பாடமாதல் இயல்பு.

மாட்டுங்காவில் தோன்றிச் சென்னைக்குப் பரவிய கிரி டிரேடிங் ஏஜென்சி பத்திநூலோடு பத்திக் கேசட்டுகளையும் விற்றது. சூலமங்கலம் சகோதரியர் பாடிய கந்தர் சஷ்டி கவசம் ஒலிநாடாக் காலத்தில் பெற்ற செல்வாக்கு தனி ஆய்வுக்குரியது. தேவராய சுவாமிகளின் நூல் அக்குரலின் வேகத்திலேயே இன்று பாராயணம் செய்யப்படுகிறது. இங்கு ஒலிப்பதிவே ஓதுமுறையின் மூலபாடமாகிவிட்டது. திண்டுக்கல் ஐ. லியோனியின் பட்டிமன்றக் கேசட்டுகளோ பேச்சுத்தமிழைப் பரப்பின. தமிழை எழுதப் படிக்கப் பயிலாத மும்பைப் பிள்ளைகளுக்கு மொழியின் நகைச்சுவையும் சொல்விளையாட்டும் கேள்வி வழியாகவே கிட்டுதற்கு இத்தகையவை வாயிலாயின எனலாம்.

அச்சேறாதவற்றுள் முதன்மையானது பேசும் கடிதம். வெற்று நாடாவில் வீட்டார் ஒவ்வொருவரும் பேசி, ஊர் செல்வோர் கையிலோ வளைகுடா செல்வோர் கையிலோ கொடுத்தனுப்புவர். கேட்டபின் அதே நாடாவில் மறுமொழி பதிந்து திரும்பும். மலையாளத்தில் எஸ்.ஏ. ஜமீலின் துபாய்க் கத்துப்பாட்டு இப்பிரிவுணர்வைப் பாடலாக்கியது. தமிழில் அவ்வுணர்வு பெரும்பாலும் பாடலாகாமல் நாடாவிலேயே நின்றது. எழுத்தறியாப் பெண்கள் தாமே யாத்த மடல்கள் இவை. பிறர் எழுதித்தரும் கடிதத்தில் நேரும் திருத்தமும் நாணமும் இவற்றில் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வழங்கிய நெல்லை வட்டாரத் தமிழுக்கு இவற்றினும் இயல்பான சான்று கிடைத்தல் அரிது.

கருவி இன்றி ஓசை இல்லை

ஓலைச்சுவடியைப் படிக்கக் கண் போதும். ஒலிநாடாவைப் படிக்கக் கருவி வேண்டும். இவ்வேறுபாடே ஒலிநாடாப் பாதுகாப்பின் இடர்ப்பாடு. 2001இல் ஐபாட் வந்தது. 2010இல் சோனி ஜப்பானில் கேசட் வாக்மேன் தயாரிப்பை நிறுத்தியது. 2022இல் ஐபாடும் நிறுத்தப்பட்டது. காந்த ஒலிநாடாக்களைப் படியெடுக்க ஏறத்தாழ 2025வரையே காலமுண்டு என்று யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி ஆவணக் காப்பகச் சங்கமும் இணைந்து 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் எச்சரித்தன. நாடா கெடுவதோடு, அதை இயக்கும் கருவிகளும் உதிரி உறுப்புகளும் பழுதறிந்த கைகளும் அருகுவதே அவ்வெச்சரிக்கையின் உட்பொருள்.

பழைய வாக்மேனில் முதலில் கெடுவது இரப்பர் பட்டை. அது தளர்ந்தால் நாடா மெல்ல ஓடும், சுருதி இறங்கும். இசைத்தலையில் படியும் பழுப்பை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்காவிடில் மேற்சுரங்கள் மங்கும். ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடியதாகப் பதிவு பொய் சொல்லும். கச்சேரிப் பதிவைக் கொண்டு பாடகரின் குரல்நிலையை ஆராய்வோர் இதைக் கருதாமல் முடிவுகூறுதல் தவறாகும். சண்முகானந்த அரங்கு 1990இல் தீக்கிரையாகி 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. அத்தீக்கு முந்தைய கச்சேரியை இரசிகர் எவரேனும் மடியில் வைத்த கருவியில் பதிந்திருப்பின், பாடகரின் குரலோடு பழைய கூடத்தின் எதிரொலியும் அதில் இருக்கும். பட்டை தளர்ந்த கருவியில் அதைக் கேட்டுக் குறிப்பெடுப்பது பிழைபட்ட ஏட்டைப் படியெடுப்பதோடு ஒக்கும்.

மும்பையின் ஈரக்காற்று நாடாவுக்குப் பகை. சுருளின் விளிம்பில் வெண்பூஞ்சை படரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து மித்தி ஆற்றங்கரைப் பகுதிகள் மூழ்கியபோது, தாழ்வான வீடுகளில் நனைந்தவற்றைக் கணக்கிட்டவர் இலர். பழம்பொருள் மறுசுழற்சிக்குப் பெயர்பெற்றதும் அதே தாராவிதான். பிளாஸ்டிக் அங்குத் துகளாகி மீண்டும் பொருளாகும். பேழைக்கு அவ்வாறு மறுபிறவி உண்டு. நாடாவில் இருந்த குரலுக்கு இல்லை.

வீடுகளில் எஞ்சிய நாடாக்களைத் திரட்டும்போது கருதவேண்டியவை சில உள. பேழையின் பின்விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் காதுகள் ஒடிக்கப்பட்டிருந்தால் உடையவர் அப்பதிவு அழியலாகாது என விரும்பினார் எனலாம். ஒடித்த துளையின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருந்தால் பின்னர் மனம் மாறியிருக்கிறார். முன்னதைக் காட்டிலும் பின்னதே ஆய்வாளர்க்குப் பயன் மிக்கது. பேசும் கடிதம் வந்த நாடாவிலேயே பின்னர்த் திரைப்பாடலைப் பதிந்துகொள்வது வழக்கம். வெற்று நாடாவுக்குக் காசு வேண்டுமே. புதிய பதிவு பழையதை அழிக்கும். ஆனால் தான் ஓடிய நீளத்திற்கு மட்டுமே அழிக்கும். பாடல் முடிந்து, சில நொடி இரைச்சலுக்குப் பின், பழைய குரல் நடுச்சொல்லிலிருந்து தொடர்வதுண்டு. ஆதலால் நாடாவைப் படியெடுப்போர் கடைசிப் பாடல் முடிந்ததும் கருவியை நிறுத்திவிடலாகாது. பொத்தான் தானே மேலெழும்வரை இரு பக்கத்தையும் ஓடவிட வேண்டும்.